மாடு மிதித்த வழி

மரத்தில் பட்டை பட்டையாக மூன்று கோடுகள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை.

அதைப் பார்த்த மறுநொடி உஸ்தினா வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒன்பது பிள்ளைகளும் சொல்லி வைத்தாற்போல நின்றார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. பட்டாளத்தில்கூட ஒரு வரிசை இத்தனை சுத்தமாக நிற்காது.

"யாரும் அசையாதீங்க," என்றாள் உஸ்தினா. பத்து வயது. குரலுக்கு மட்டும் நாற்பது. "லாரித் தடத்துலயே, ஒவ்வொருத்தரா, பின்னால போங்க. லெவ்கோ, நீ முதல்ல."

"ஏன்?" என்றான் ஆறு வயதுத் தம்பி.

"கண்ணிவெடி."

வரிசையின் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த வசிலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கால் பாதி தூக்கிய நிலையில் அந்தரத்தில் நின்றது. இறக்குவதா வேண்டாமா என்று அவளைக் கேட்காமலே அந்தக் கால் யோசித்துக்கொண்டிருந்தது.

சண்டை நடக்கிற இடம் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே. இது கார்பாத்தியன் மலை. இங்கே தரைக்கடியில் புழு உண்டு, வேர் உண்டு, மழை பெய்தால் காளான் உண்டு. வேறொன்றும் கிடையாது. வசிலினாவின் தலைக்கு இது நன்றாகத் தெரியும். காலுக்குத்தான் வரைபடம் படிக்கத் தெரியவில்லை.

வரிசையின் முன்னால் போயிருந்த செவெரின் திரும்பி ஓடி வந்தார். முகாமின் தலைவர், தாவரவியல் படித்தவர், கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும்.

"இது வழி காட்டுற குறிம்மா," என்றார் உஸ்தினாவிடம். "மலை மீட்புக்காரங்க வரைஞ்சது. இதைப் பார்த்துக்கிட்டே போனா உச்சியில புல்வெளி வந்துடும்."

"எங்க ஊர்லயும் வழி காட்டத்தான் வரைஞ்சாங்க, மாமா. சிவப்புப் பக்கம் போகாதே, வெள்ளைப் பக்கம் போன்னு." உஸ்தினா மரத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இதுல ரெண்டு பக்கமும் வெள்ளை. நடுவுல சிவப்பு. அப்போ மரமே வெடியா?"

எந்த மரத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் நிற்காமல் பேசக்கூடிய செவெரின் அன்றைக்குத் தானும் வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார். பத்துப் பிள்ளைகளும் லாரிச் சக்கரம் பதிந்த தடத்திலேயே திரும்பி, தார்ச் சாலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை மலையேற்றம்.

*

வசிலினாவுக்கு இருபத்தொன்பது வயது. கார்கிவ் நகரத்தில் சுரங்க ரயில் ஓட்டுகிறவள். போர் தொடங்கி மூன்று கோடை போய்விட்டது. அவளுடைய நிலையங்களில் குண்டுக்குப் பயந்து ஊரே வந்து படுத்துக் கிடந்தது, பிறகு பள்ளிக்கூடமே சுரங்கத்துக்குள் இறங்கி வந்து நடந்தது. பூமிக்கு மேலே மரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோன நிலையில், இரண்டு வார விடுப்பை எடுத்துக்கொண்டு இந்த முகாமுக்குத் தொண்டு செய்ய வந்தாள். போரில் தாயையோ தகப்பனையோ இரண்டு பேரையுமோ இழந்த பிள்ளைகளுக்கு மலையையும் காட்டையும் காட்டுகிற முகாம்.

விண்ணப்பத்தில் 'இயற்கையோடு அனுபவம்' என்ற இடத்தில் அவள் 'உண்டு' என்று எழுதியிருந்தாள். வீட்டில் ஒரு கள்ளிச் செடி இருந்தது. அதுவும் போன மாதம் போய்விட்டது.

முகாம் நடந்த இடம் ஒரு பழைய சுகவாச விடுதி. கட்டியவர்கள் மலைக்கு வருகிறவர்கள் காலில் மண் படக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, வாசல் முழுக்கத் தார் போட்டிருந்தார்கள். அந்த லாரித் தடத்தைத் தவிர, உஸ்தினாவும் லெவ்கோவும் வந்த ஆறு நாளும் தாரை விட்டு இறங்கவில்லை. மற்ற பிள்ளைகள் புல்லில் கிடந்து வண்ணத்துப்பூச்சி பார்த்தார்கள். செவெரின் இலையையும் பூவையும் ஒரு தட்டில் வைத்து, ஓட்டல் பரிமாறுகிறவர் மாதிரி, தார் ஓரத்துக்குக் கொண்டுவந்து இவர்களுக்குக் காட்டினார்.

கிழக்கே இஸியும் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவர்களுடையது. ஷெல் விழுந்து அம்மா போனாள். எதிரி போன பிறகு, முதல் வசந்தத்தில், அப்பா டிராக்டரை எடுத்துக்கொண்டு உழப் போனார். வயல் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இப்போது இரண்டு பேரும் சித்தி வீட்டில். இதையெல்லாம் உஸ்தினாவே முதல் நாள் வசிலினாவிடம் சொன்னாள், பஸ் நேரம் சொல்வதுபோல.

லெவ்கோவோ முதல் நாள் அழுதான். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. "மேல ஆடு இருக்குடா, நானூறு ஆடு. உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்," என்று வசிலினா யோசிக்காமல் வாக்குக் கொடுத்தாள். அழுகை டக்கென்று நின்றது. அன்று முதல் அவன் எழுந்ததும் கேட்பது ஆடு, படுக்கும்போது கேட்பது ஆடு.

"ஒரு ஆட்டைக்கூடப் பார்க்காம நான் ஊருக்குப் போனேன்னு வை," என்று வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அக்காவிடம் சொன்னான், "அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி, தாடி நரைச்சாலும் பேசமாட்டேன்."

"பேசாதே. கால் இருக்கிறவன் பேசலன்னா பரவாயில்ல."

"உஸ்தினா, நான் கூடவே இருப்பேன்," என்று வசிலினா இடையில் புகுந்தாள். "கையை விடமாட்டேன்."

உஸ்தினா ரொட்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன். இவனும் போயிட்டா நான் யாருக்கு அக்கா?"



செவெரின் வசிலினாவை வெளியே அழைத்துப் போனார். "எட்டுப் பேர் மேல போவாங்க. அந்த ரெண்டும் நீயும் கீழ. வேற வழியில்ல."

"நான் அந்தப் பையனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்போ ஒரு வழி பண்ணு. ஆனா அந்தப் பொண்ணைத் தூக்கிட்டுப் போகக் கூடாது. ஏமாத்தவும் கூடாது. இது ரெண்டும் இந்த முகாமோட சட்டம்."

வசிலினா ரொம்ப நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். மறுநாள் காலை, எல்லாரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அடிக்க வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு தார்ச் சாலையின் முனைக்கு, அந்தக் கோடு போட்ட மரத்துக்குப் போனாள். சட்டத்தின் இரண்டாவது பாதி இருபது நிமிஷத்தில் உடைந்தது.

*

"பாரு, வெள்ளை," என்றாள் வசிலினா. காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் தார் ஓரத்தில். "முழுக்க வெள்ளை. வெள்ளைன்னா என்ன அர்த்தம்?"

"சுத்தம்," என்றாள் உஸ்தினா.

"அவ்வளவுதான். வா, போகலாம்."

உஸ்தினா அசையவில்லை. "யார் பார்த்தது?"

"என்ன யார்?"

"சுத்தம்னு யார் பார்த்துச் சொன்னது? வெடி எடுக்கிறவர் பேர் என்ன? எங்க ஊர்ல குச்சி குச்சியா நட்டு வச்சிருப்பாங்க. எந்தக் குழு, எந்தத் தேதின்னு கேட்டா நோட்டைத் திறந்து காட்டுவாங்க. இங்க தேதி எங்க?"

சுரங்க ரயிலில் எதிர்பாராமல் சிவப்பு விளக்கைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று வசிலினாவுக்குப் பயிற்சி உண்டு. பொய் சொல்லி மாட்டினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. "நேத்து சாயங்காலம் வந்துட்டுப் போனாங்க. பேர் வந்து..."

"அக்கா முழங்கையில வெள்ளை," என்றான் லெவ்கோ. காட்டிக்கொடுக்க வேண்டும் என்று இல்லை. பார்த்தான், சொன்னான்.

எல்லாரும் முழங்கையைப் பார்த்தார்கள். வசிலினாவும் பார்த்தாள்.

உஸ்தினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க நல்லவங்கதான், அக்கா," என்றாள் நிதானமாக. "ஆனா நீங்க சொல்றதை இனிமே கணக்குல எடுத்துக்க முடியாது."

செவெரினும் கத்துகிற ஆள் இல்லை. அவர் ஒரு அளவுகோல், ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயின்ட், ஒரு தூரிகை, மூன்றையும் கொண்டுவந்து வசிலினாவின் கையில் கொடுத்தார்.

"பனிமூட்டத்துல ஒருத்தன் கீழ இறங்கி வர்றான்னு வை. இந்த மரத்தைத் தேடுவான். என்ன இருக்கு? ஏதோ கல்யாண வீட்டுத் தூண் மாதிரி ஒரு மரம் நிக்குது. அவன் நேரா ருமேனியாவுக்குப் போயிடுவான். பழைய மாதிரி வரை. நான் இங்கயே நிக்கிறேன்."

"வெள்ளை பத்து சென்டிமீட்டரா?"

"மூணும் ஒரே அளவு. கோணல் கூடாது."

அவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். பிள்ளைகள் தார் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "இடது பக்கம் வழியுது அக்கா," "நாக்கை உள்ள போடுங்க அக்கா, ஈ வந்துடும்," என்று ஆலோசனைகள் வந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் மேலேயிருந்து மணிச் சத்தம் கேட்டது.

காட்டுப் பாதையின் வளைவில் ஒரு பெரிய பழுப்பு முகம் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. வரிசையாக ஏழு மாடுகள், மரத்தைத் தாண்டி, வசிலினாவை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், ஆடி அசைந்து இறங்கின. கடைசியாக ஒரு கோலோடு பராஸ்கா. அந்த மலைக்காரி. உச்சிப் புல்வெளியில் அவளும் அவள் புருஷனும் ஆட்டுப்பட்டி வைத்திருந்தார்கள். மாடுகளைக் கறவைக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வருவாள்.

"என்னடி பொண்ணு, மரத்துக்குப் பொட்டு வைக்கிறியா?" என்றாள் பராஸ்கா.

"தண்டனை, பெரியம்மா," என்று பிள்ளைகள் கோரஸாக விளக்கம் சொன்னார்கள்.

உஸ்தினா மட்டும் எழுந்து நின்றிருந்தாள். முதல் மாடு சிவப்புக் குறியைத் தாண்டியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதை வசிலினா பார்த்தாள். இரண்டாவது மாட்டுக்கு ஒரு கண் திறந்தது. ஏழாவது மாடு வந்தபோது அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, இது எல்லாம் எங்கருந்து வருது?"

"மேலருந்துதான்."

"தினமுமா?"

"தினமும்தான். காலையில கறக்க வரும், கறந்ததும் திரும்பப் போகும்."

"எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?"

பராஸ்கா பேச்சில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கேலியைத் தள்ளி வைத்தாள். "ஏழு போச்சு. ஏழு வந்துச்சு."

உஸ்தினா தார் ஓரத்திலேயே குனிந்து, சாலையில் ஏறிய மாடுகளின் கால்களை எண்ணினாள். இருபத்தெட்டு. ஒருமுறைக்கு இருமுறை எண்ணினாள். பிறகு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்ல மால்வான்னு ஒரு மாடு இருந்துச்சு," என்றாள் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "பக்கத்து வீட்டு மாடு. அது போன இடத்துலதான் நாங்க எல்லாரும் நடப்போம். வெடி எடுக்கிற மாமா வந்தப்புறம் திட்டினாரு, மாடு என்ன கருவியான்னு. ஆனா அவங்க வர்றதுக்கு எட்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் மால்வாதான்." மாடுகள் போன பக்கம் பார்த்தாள். "அப்பா போன வயலுக்கு மால்வா போனதே இல்ல."

வசிலினா தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அப்போ இந்த மாடு போன வழியில போகலாமா?" என்றான் லெவ்கோ. குரல் நடுங்கியது, ஆட்டுக்காக.

"வழின்னு சொன்னா போதாது. ஒவ்வொரு அடிக்கும் அத்தாட்சி வேணும்."

"அத்தாட்சின்னா?"

உஸ்தினா பாதையைக் காட்டினாள். மரத்துக்குப் பக்கத்தில், சற்றுமுன் மூன்றாவது மாடு விட்டுச் சென்றது, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அந்த மாடு அங்க நின்னுச்சு," என்றாள், நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல. "அவசரப்படாம வேலையை முடிச்சுச்சு. அப்புறம் நடந்துச்சு. அந்த இடம் சுத்தம்."

*

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, போரில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் தினமும் நிற்பதுபோல அவர்களும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். ஒன்பது மணி இரண்டாவது நிமிஷத்தில் உஸ்தினா தாரை விட்டு இறங்கினாள்.

முதல் சாணிக்குப் பக்கத்தில் இடது கால். ஒரு எட்டில் இரண்டாவது சாணி. அங்கே வலது கால். கையில் ஒரு நீளக் குச்சி. ஒவ்வொரு அத்தாட்சிக்கும் பக்கத்தில் ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்து, மேலே கல் வைத்தாள். அவள் அடி வைத்த இடத்தில் லெவ்கோ, அவன் வைத்த இடத்தில் மற்ற எட்டுப் பேர், பிறகு வசிலினா. எல்லாருக்கும் பின்னால் செவெரின், காட்டில் குப்பை போடக் கூடாது என்பதால், கைக்குட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"மாமா, வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்று வசிலினா திரும்பிக் கேட்டாள். "பெரிய பல்கலைக்கழகத்துல படிச்சவரு."

"பெயின்ட் அடிச்சவங்க பேசக் கூடாது."

சாணி கிடைக்காத இடம் வந்தால் ஊர்வலம் நின்றுவிடும். உடனே பத்து ஜோடிக் கண்கள் தரையை அலசும். "சாணி, வலது பக்கம், ரெண்டு மீட்டர்." "அது பழசுடா, போன வருஷத்துது." "பழசுன்னா என்ன, மாடு செத்துப்போய் பேயா வந்தா போட்டுச்சு?" உஸ்தினா வந்து குச்சியால் தொட்டுப் பார்த்து, செல்லும் செல்லாது என்று சொல்வாள். அவள் சொன்னதுதான் சட்டம்.

செவெரினுக்கு ஒரே கொண்டாட்டம். இருபது வருஷமாகப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டி வருகிறார். எப்போதும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டோ, ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டோதான் வருவார்கள். இத்தனை கவனமாகத் தரையைப் பார்த்து வந்த கூட்டம் இதுதான் முதல் தடவை. பாசி, எறும்புப் புற்று, பல்லி முட்டை, எதுவும் தப்பவில்லை. சாணி உருட்டும் வண்டு ஒன்று பாதையைக் கடந்தபோது உஸ்தினா கையை நீட்டி ஊர்வலத்தையே நிறுத்தி அதற்கு வழிவிட்டாள்.

"இதுவும் நம்ம மாதிரிதான், அத்தாட்சி சேகரிக்குது," என்றாள். அவள் சொன்ன முதல் நகைச்சுவை அது. சொன்ன பிறகு அவளே கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள்.

இரண்டு மணி நேர ஏற்றம் நாலரை மணி நேரம் பிடித்தது. காடு முடிந்து, வானம் திறந்து, மாட்டு மேய்ச்சலும் தாண்டி, ஒரு மர வேலிக்கு வந்து சேர்ந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் உச்சிப் புல்வெளி. முந்நூறு அடி நடந்தால் பட்டி. பட்டியில் நானூறு ஆடு.

லெவ்கோவின் வாய் திறந்தது, மூடவில்லை.

உஸ்தினா வேலியின் மேல் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கத்துப் புல்லை ஆராய்ந்தாள். நெடுநேரம். பிறகு இறங்கினாள், இந்தப் பக்கமே.

"செல்லாது."

"என்னது செல்லாது?"

"அந்தப் பக்கம் ஆட்டுப் புழுக்கைதான் இருக்கு. மாடு வந்ததே இல்ல. ஆடு எடை பத்தாது."

"அறுபது கிலோ இருக்கும்," என்றார் செவெரின், தோற்கிற வழக்கறிஞர் மாதிரி.

"அதை நாலு காலுக்குப் பங்கு போடுங்க, மாமா."

செவெரின் பங்கு போட்டுப் பார்த்தார். 

பட்டியிலிருந்து பராஸ்காவின் குரல் வந்தது. "ஏன் வேலியில காக்கா மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? பனோஷ் ஆறிடும், வாங்க." சோள மாவைப் பாலாடையில் கிண்டி, மேலே ஆட்டுப் பாலாடைக்கட்டி உதிர்த்த வாசனையும் அந்தக் குரலோடு சேர்ந்து வந்தது.

"ஒரு மாட்டை இந்தப் பக்கம் ஓட்டுங்க, பெரியம்மா," என்று வசிலினா கத்தினாள்.

"ஆட்டுப் புல்லுல மாட்டை விட்டா எம் புருஷன் என்னைச் சந்தையில கொண்டுபோய் வித்துடுவான்."

லெவ்கோ அழவில்லை. அதுதான் தாங்கவில்லை. வேலிக் கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஆடுகளை ஒன்று இரண்டு என்று மெதுவாக எண்ண ஆரம்பித்தான். அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதையும் 'ஆடு பார்த்தாச்சு' என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவன் தனக்குள் பேரம் பேசுவது முகத்தில் தெரிந்தது.

உஸ்தினா அவனைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி வசிலினாவை, தலையிலிருந்து கால்வரை, சந்தையில் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அக்கா, உங்க எடை என்ன?"

"எழுபத்தி..." என்று ஆரம்பித்தாள் வசிலினா.

"அக்கா. இது விளையாட்டு இல்ல."

"எண்பத்தாறு," என்றாள் வசிலினா. செவெரின் மேகத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே கால்தான்," என்று உஸ்தினா கணக்குப் போட்டாள். "ஒரு காலுக்கு நாப்பத்தி மூணு. ஆட்டைவிடப் பரவாயில்ல." திடீரென்று அவள் குரலில் நாற்பது வயது கழன்று பத்து வயது வந்தது. "ஆனா நீங்க போகணும்னு நான் சொல்லல. உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தான்."

வசிலினா வேலியைத் தாண்டி இறங்கினாள்.

கார்கிவைச் சுற்றியுள்ள காடுகளில் மண்டையோடு போட்ட பலகைகள் தொங்குகின்றன. மூன்று கோடையாக அவள் வேறு யாரும் முன்னால் போகாத புல்லில் கால் வைத்ததில்லை. முகாமில்கூட, இப்போது நினைத்துப் பார்த்தால், தொண்டர்களுக்குக் கொடுத்த நாற்காலியைத் தாரில்தான் போட்டு உட்கார்ந்திருந்தாள். அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு அடி. புல் மெத்தென்று உள்வாங்கியது. 

இரண்டு. மூன்று. முன்னால் ஆட்டுமணிகள். பின்னால் பத்துப் பிள்ளைகள், ஒரு செவெரின். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ரயில் ஓட்டுவதுபோல முன்னால் மட்டும் பார்த்தாள். நூறாவது அடியில் தோள்பட்டை இறங்கியது. இருநூறாவது அடியில் ஒரு வெட்டுக்கிளி காலில் ஏறியது, உதறவில்லை. முந்நூறாவது அடியில் பட்டியின் கட்டையைத் தொட்டாள். பராஸ்கா அவளிடம் ஒரு கரண்டியை நீட்டினாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பினாள்.

"வந்தாச்சு," என்றாள் வேலியில் சாய்ந்து. "எண்பத்தாறும் வந்தாச்சு. ஒரு கிராம் குறையல."

"நடந்தா போதாது, அக்கா," என்றாள் உஸ்தினா. "குதிக்கணும்."

"என்னது?"

"லெவ்கோ நடக்கமாட்டான். குதிப்பான்."

வசிலினா அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு குதித்தாள். வேலியிலிருந்து பட்டிவரை, இரண்டு காலையும் சேர்த்து, கையை விரித்து, தபதபவென்று குதித்துக்கொண்டே போனாள். பாதி வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குதிப்பது சாதாரண வேலையில்லை. ஆடுகள் கலைந்து ஒரு மூலையில் ஒண்டின. பட்டிக்குள்ளிருந்து பராஸ்காவின் புருஷன் எட்டிப் பார்த்து, "பராஸ்கா, கீழருந்து ஏதோ புது ஜாதி மாடு வந்திருக்கு, வந்து பாரு," என்றார்.

வேலியில் உஸ்தினா தம்பியின் முன் மண்டியிட்டு அவன் ஷூ நாடாவைக் கட்டினாள். சட்டைப் பொத்தானைப் போட்டாள். போடுவதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. கையை விட்டாள்.

லெவ்கோ பறந்தான். அவன் பின்னால் எட்டுப் பேர். வசிலினா மிதித்த தடம் முழுக்கக் கூச்சல்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த வசிலினா, "நீ?" என்றாள்.

"நான் பக்கமெல்லாம் பார்த்துட்டு வர்றேன். திரும்பி வரும்போது அவன் தடத்துல நிக்கமாட்டான். அங்க இங்க ஓடுவான்."

"நான் கூட இருக்கட்டுமா?"

"நீங்க அவன்கூட இருங்க. ஆடு முட்டும்."

உஸ்தினா வேலியைத் தாண்டி, தடத்தின் ஓரத்தில் மண்டியிட்டாள். குச்சியைச் சாய்வாக மண்ணில் செலுத்தினாள். ஒரு சாண் தள்ளி மறுபடியும். ஊரில் எத்தனை நாள் தூர நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாளோ, அந்தக் கைகளில் அவசரமே இல்லை.

*

பட்டியில் பனோஷ் பரிமாறியாகிவிட்டது. லெவ்கோ ஒரு குட்டியைக் கட்டிக்கொண்டு, அதன் காதுக்குள் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தான். வசிலினாவின் கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. புல்வெளிச் சரிவில் உஸ்தினா ஒரு புள்ளி. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. புள்ளி தடத்தை விட்டு வலது பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"கூட்டிட்டு வரவா?" என்றாள் வசிலினா.

"வேண்டாம். அது அவ வேலை. அவதான் முடிக்கணும்," என்றார் செவெரின். சொன்னாரே தவிர அவரும் சாப்பிடவில்லை. பராஸ்கா உஸ்தினாவின் கிண்ணத்தை ஒரு துணியால் மூடி, அடுப்போரம் வைத்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. புள்ளி நின்றுவிட்டது. குச்சி தூரத்தில் கிடந்தது. முதுகு வளைந்து, தலை தொங்கி, தோள்கள் குலுங்குவதுபோலத் தெரிந்தது.

வசிலினா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். செவெரின் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. ஓடினாள். தடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும். பட்டியிலிருந்து குறுக்காக, யாரும் மிதிக்காத புல்லில், நேராக ஓடினாள்.

"உஸ்தினா. என்னம்மா, என்ன ஆச்சு?"

உஸ்தினா நிமிர்ந்தாள்.

உதடு கருநீலம். தாடை கருநீலம். பல் இருந்த இடத்தில் எல்லாம் ஒரே மை. பத்து விரலும் பேனா உடைந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் விரல்போல இருந்தன. முழங்காலைச் சுற்றிக் குட்டைக் குட்டையான செடிகள், இலைக்கு ஒன்றாகக் காட்டு நீலப் பழம். சரிவின் அடிவரை அதே செடிகள்தான்.

வசிலினா இடுப்பில் கை வைத்தாள். "எவ்வளவு நேரமா இது?"

"இப்பதான்," என்றாள் உஸ்தினா. வாயைத் துடைத்தாள், நீலம் காதுவரை போயிற்று. "முதல்ல சோதிச்சேன். நிஜமாவே சோதிச்சேன். அங்கருந்து இங்கவரைக்கும். அப்புறம் இதைப் பார்த்தேன்."

"என்ன பழம்னே தெரியாம வாயில போட்டியா?"

"ஆடு தின்னுட்டுப் போயிருக்கு. பழத்துக்கு ஆடு போதும்."

வசிலினா அங்கேயே, புல்லில், தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். புளிப்பும் இனிப்பும் வெயில் சூடுமாக நாக்கில் உடைந்தது. இன்னொன்று பறித்தாள். உஸ்தினா கொஞ்சம் நகர்ந்து, காய்ப்பு அதிகமாக இருந்த செடியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். பட்டியிலிருந்து பராஸ்கா, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு, சோறு வேணுமா வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லட்டுமா, வந்துடுறோம்னு?" என்றாள் வசிலினா.

உஸ்தினா சரிவை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இன்னும் பாதி மலை பாக்கி இருந்தது.

"லெவ்கோவை வரச் சொல்லுங்க."

"எந்த வழியா வரச் சொல்றது?"

"நேரா ஓடி வரட்டும்," என்றாள் உஸ்தினா, வாய் நிறையப் பழத்தோடு. "சீக்கிரம் வரச் சொல்லுங்க, அக்கா. நீங்க தின்ற வேகத்துக்கு அவனுக்கு ஒண்ணும் மிஞ்சாது."